சாம்பலாய்த் தெரிந்த நட்சத்திரம்

ஒரு நட்சத்திரம் என் கண் போய்விட்டதைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று முப்பத்தொன்பது வயதில் நம்பினேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் டக் போட்டில் சுக்கான் பிடித்துக்கொண்டிருந்தேன். வருஷத்துக்கு ஒருமுறை கண் சோதனை. இருட்டறையில் கலர் விளக்குகளைக் காட்டுவார்கள். நிறத்தை மாற்றிச் சொன்னால் அன்றோடு சுக்கானை விட்டு இறங்கவேண்டியதுதான்.

சோதனைக்கு ஒரு வாரம் இருந்தது. எங்கள் போட்டில் இன்ஜினைப் பார்த்துக்கொண்ட பாய், நன்றாக இருட்டிய பிறகு ஒரு வெளிநாட்டுக் கப்பலுக்குப் போய்விட்டு இறங்கிவந்தார். பெரிய நட்சத்திரம் ஒன்றுக்குப் பக்கத்தில் பொடியாக இருந்த இன்னொன்றைக் காட்டினார். வயசாகி ஊதிப்போன நட்சத்திரமாம், கப்பல் துரை சொன்னானாம்.

"நல்லா பாரு மாமு. ஆரஞ்சு மிட்டாய் கணக்கா கீது."

கண்ணை இடுக்கிப் பார்த்தேன். சாம்பல் துணுக்கு மாதிரி ஏதோ தெரிந்தது. ஆரஞ்சும் இல்லை, மிட்டாயும் இல்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் பேசின் பிரிட்ஜ் வரை போய் ரயில் சிக்னலைப் பார்த்தேன். சிவப்பு சிவப்பாகத்தான் இருந்தது. பயந்தவன் புத்தி விடுமா? சிவப்பு என்று முன்பே தெரிந்ததால்தான் சிவப்பாகத் தெரிகிறது என்று முடிவு கட்டினேன். வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையில் புடவை புடவையாகப் பிரிக்கச் சொல்லி நிறம் கேட்டேன். வாங்க வந்தாயா, பரீட்சை வைக்க வந்தாயா என்று கடைக்காரர் விரட்டினார். வீட்டுக்கு வந்து, கட்டியிருக்கும் புடவை என்ன நிறம் என்று மனைவியிடம் கேட்டேன்.

"பதினெட்டு வருசமா பாக்காத கண்ணு, இன்னிக்கு இன்னாத்துக்குப் பாக்குது?"

அவள்மேல் எரிந்து விழுந்தேன். குழம்பில் உப்பில்லை என்று கத்தினேன். உப்பு இருந்தது.

சோதனை நாளன்று வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். போய்த் தோற்பதைவிடப் போகாமலிருப்பது கெட்டிக்காரத்தனம் என்று சொன்ன என் மூளையை எந்தச் செருப்பால் அடிப்பது? சோதனைக்கு வராதவனிடம் சுக்கானைக் கொடுக்க முடியாது என்று எங்கள் போட்டுக்குத் தலைவரான சாரங்கு சொல்லிவிட்டார். கயிறு இழுக்க அனுப்பினார்.

பத்து நாளில் உள்ளங்கை உரிந்துவிட்டது. அந்த எரிச்சலில் பாயிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

"நான் தொரையோட பைனாகுலர்ல பாத்தேன் மாமு. வெறுங்கண்ணுக்கு எனுக்கும் சாம்பலாத்தான் தெரிஞ்சுது. அவ்ளோ மங்கலான நட்சத்திரத்துல எவனுக்குக் கலர் தெரியும்?"

"இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"நீ கேட்டியா?"

கையை ஓங்கிவிட்டேன். யாரை அடிப்பதென்று தெரியாமல் இறக்கினேன். கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை. தெரியவில்லை பாய் என்று சொல்ல வெட்கப்பட்ட வாயையும் சேர்த்துத்தான் இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறேன்.

மறு மாதம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சோதித்தார்கள். காட்டிய விளக்குகளுக்கெல்லாம் சரியாக நிறம் சொன்னேன். அதற்குள் சுக்கானை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். எட்டு வருஷமாக நான் கயிறு இழுக்கிறேன்.