குப்பைக்கீரைக்கு மருந்தடித்த கதை

பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் கட்டடப் பராமரிப்பு என் வேலை. குழாய் ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், புல்தரையில் களை முளைத்தாலும் என்னைத்தான்.

மழை பெய்தால் ஜெனரேட்டருக்குப் பின்னால் குப்பைக்கீரை முழங்கால் உயரம் வளரும். ஸ்ரீராம்புரத்திலிருந்து துப்புரவு வேலைக்கு வரும் அக்கா ஒருவர், வேலை முடிந்ததும் அதில் கொஞ்சம் பறித்துக்கொண்டு போவார். ஒருநாள் கேட்டில் காவலாளி அவர் பையைப் பிரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"கம்பெனி சொத்தை வெளியே எடுத்துட்டுப் போகக் கூடாதுக்கா" என்றேன்.

"சொத்தா? சொப்பு சார் இது!" என்றார், கீரைக்குரிய கன்னடப் பெயரைச் சொல்லி. "நீங்களே புடுங்கிப் போடச் சொன்னதுதானே?"

மறுபடியும் விதியைச் சொன்னேன். கீரை குப்பைத்தொட்டிக்குப் போனது. அத்தோடு விட்டேனா? களைக்கொல்லி அடிக்கவும் ஆள் வரச் சொன்னேன்.

மருந்துக்காரர் வந்து அடித்துவிட்டுப் போன இரண்டாம் நாள், அலுவலகத்தில் 'மறந்த உணவு வாரம்' தொடங்கியது. வெளியிலிருந்து வந்த நிபுணர் திரையில் ஒரு செடியைக் காட்டினார். இரும்புச்சத்து நிறைந்தது, யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம், எதிர்காலமே இதன் கையில் என்றார். நான் சற்றுப் பலமாகவே கைதட்டினேன். பிறகுதான் அது எங்கேயோ பார்த்த முகமாகத் தோன்றியது: நம்ம குப்பைக்கீரை!

அதே கீரை கேன்டீனுக்குக் குளிரூட்டிய வண்டியில், பிளாஸ்டிக் பெட்டிகளில் வந்து இறங்கியது. சூப் பத்தே நிமிடத்தில் தீர்ந்தது. சமையல்காரர் என்னிடம் ஓடிவந்தார்.

"சார், நாளைக்கு வண்டி வராதாம். இந்தக் கீரை பக்கத்துல எங்கயாவது கெடைக்குமா?"

அக்காவைத் தேடிப் போனேன். மாடிப்படி துடைத்துக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டேன். மாப்பை நிறுத்தாமலே சொன்னார்:

"ஜெனரேட்டர் பக்கம் எக்கச்சக்கமா இருந்துச்சு. நீங்கதானே சார் மருந்து அடிக்கச் சொன்னீங்க?"

போய்ப் பார்த்தேன். எல்லாம் மஞ்சளாகிச் சாய்ந்து கிடந்தன.

மறுநாள் சூப்பில் கடையில் வாங்கிய பாலக் கீரையைப் போட்டார்கள். நிபுணர் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடி, "காட்டு மணம்" என்றார்.

மதியம் அக்கா தன் டப்பாவிலிருந்து கீரைக் கடைசல் ஒரு கரண்டி எடுத்து என் சோற்றில் வைத்தார். பூண்டு தட்டிப் போட்டிருந்தார். அந்த ருசியில் என் வெட்கமும் கொஞ்ச நேரம் மறந்துவிட்டது.

"எங்கக்கா பறிச்சீங்க?"

"அத மட்டும் சொல்ல மாட்டேன் சார். அங்கயும் ஆள் அனுப்புவீங்க."

சாயங்காலம் மருந்துக்காரரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று மேலதிகாரி கேட்டார். அங்கே முளைப்பது 'மறந்த உணவு' என்றேன். மனிதர் மகிழ்ந்துபோய் அதை என் யோசனை என்றே எழுதிக்கொண்டார்.