அந்த அம்மா கொடுக்காத வாக்கு

நான் பொய் சொன்னேன். தெரிந்தே சொன்னேன். பிள்ளைகளைப் பிரிந்து கிடந்த ஒரு தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்!

நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

யாழ்ப்பாணத்தில் நான் ஆங்கிலம் படிப்பித்தவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோவுக்கு வந்து, வெக்ஸ்போர்ட் பகுதியில் ஓர் அடுக்குமாடியில் குடியேறினேன். அந்தக் கட்டடத்துத் தமிழர் எல்லோருக்கும் நான் 'மாஸ்ரர்'. யாருக்குக் கடிதம் வந்தாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். எழுத்தில் இருந்தால் எதையும் வாசித்துச் சொல்லிவிடுவேன். ஆனால் இந்த நாட்டவர் பேசும் வேகம்... பாதிகூட என் காதில் ஏறுவதில்லை. அதை ஒருவரிடமும் நான் ஒப்புக்கொண்டதில்லை.

ஒரு கட்சி எங்கள் தொகுதிக்குத் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க இருந்தது. மூவர் போட்டியிட்டார்கள், கட்சி அங்கத்தவர்கள் வாக்களித்து ஒருவரைத் தெரிவுசெய்வார்கள். அந்த மூவரின் விவாதத்தை ஒரு ஞாயிறு பின்னேரம் தொலைக்காட்சியில் உள்ளூர் கேபிள் சனல் காட்டியது. என் வரவேற்பறையில் பத்துப் பன்னிரண்டு பேர். நடுவில் நான், மொழிபெயர்ப்பாளனாக!

முதல் இருவரையும் ஒருவாறு சமாளித்தேன். "வரியைக் குறைப்பாராம்... வேலை தருவாராம்..." மூன்றாவது, நீலக் கோட்டு அணிந்த ஒரு பெண்மணி. மூச்சு விடாமல் பேசினார். 'பிள்ளைகள்' என்ற ஒரு சொல்தான் எனக்குப் பிடிபட்டது.

அது பவளத்துக்கும் பிடிபட்டுவிட்டது. பவளம் மட்டக்களப்புக்காரி. கணவனை இழந்தவள். தையல் தொழிற்சாலையில் வேலை. வதிவிட உரிமை கிடைத்திருந்தும், கொழும்பில் தங்கையோடு விட்டுவந்த இரண்டு பெண்பிள்ளைகளையும் இங்கே அழைப்பிக்கும் விண்ணப்பம் எங்கோ தேங்கிக் கிடந்தது.

"பிள்ளையள் எண்டு சொன்னவ எல்லோ? என்னவாம் மாஸ்ரர்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"தாயைப் பிரிஞ்சிருக்கிற பிள்ளையளை முதல்ல கூப்பிட்டுத் தருவாவாம்."

ஏன் சொன்னேன்? இரக்கமா? இல்லை... வெறும் வெட்கம்! அவர் பேசியது பள்ளிக்கூட பஸ்களைப் பற்றி என்பதை அடுத்த வாரம் பத்திரிகையில் வாசித்தேன். அப்போதாவது திருத்தியிருக்கலாம் அல்லவா?

அதற்குள் பவளம் கட்சி அங்கத்தவராகிவிட்டாள். குடியுரிமை இல்லாவிட்டாலும் அதற்குத் தடையில்லை. யாரோடும் அதிகம் பேசாத பவளம், வேலை முடிந்ததும் கதவு கதவாகத் தட்டி, அந்தப் பெண்மணிக்கு வாக்களிக்கப் பதினாறு பேரைக் கட்சியில் சேர்த்தாள்! கொழும்புக்குத் தொலைபேசியில், "கெதியா வந்திடுவியள்" என்றும் சொல்லிவிட்டாள்.

வாக்களிப்பு நாளன்று மண்டபத்தில் அந்தப் பெண்மணியின் முன்னால் என்னை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினாள். "எப்ப எண்டு கேளுங்கோ, மாஸ்ரர்."

கேட்டேன். அவர் எனக்காக மெதுவாகப் பேசினார். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. தாம் அப்படி ஒரு வாக்கும் கொடுக்கவில்லை, மன்னிக்க வேண்டும் என்றார். பிறகு பவளத்தின் முகத்தைப் பார்த்தார். பிள்ளைகளின் விவரங்களைத் தந்தால், தம்மால் இயன்றதைச் செய்வதாகச் சொன்னார்.

"என்னவாம்?"

"விவரத்தைத் தரட்டாம். தன்னால ஏலுமானதைச் செய்வாவாம்."

முன்பாதியை விழுங்கிவிட்டேன். அன்று விளங்காமல் பொய் சொன்னவன், இன்று விளங்கியும்...

அவர் தோற்றுப்போனார். ஆனாலும் பதவி எதுவும் இல்லாமலே குடிவரவு அலுவலகத்துக்குக் கடிதத்துக்குமேல் கடிதம் எழுதினார். பவளமும் விடுப்பு எடுத்து அங்கே போய்ப் போய் நின்றாள். ஏறக்குறைய இரண்டு வருடங்கள்! அதற்கிடையில் இளைய மகள் தொலைபேசிக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். "அம்மா பொய் சொல்லுறா" என்றாளாம் அந்த ஏழு வயதுக் குழந்தை. இதைப் பவளம் அழுதுகொண்டு சொன்னது யாரிடம்? என்னிடம்!

பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் இளையவள் தமக்கையின் பின்னால் ஒளிந்தாள். தாயின் கையைப் பிடிக்க அவளுக்கு ஒரு மாதம் சென்றது. இப்போது அவள் அந்தக் கையை விடுவதே இல்லை. வீதியில் அவர்களைக் காணும்போதெல்லாம் என் நெஞ்சு குளிர்கிறது... குறுகவும் செய்கிறது.

முடிவில் நன்மைதானே என்கிறீர்களா? அந்த நன்மையைச் செய்தவர்கள் அந்தப் பெண்மணியும் பவளமும். அந்தக் குழந்தை தாயை நம்பாதிருந்த மாதங்கள் மட்டுமே என்னுடையவை.

போன கிழமை எல்லாவற்றையும் சொல்லிவிடத் துணிந்து பவளம் வீட்டுக்குப் போனேன். புதிதாக வந்த ஒரு தம்பதியர் அங்கே இருந்தார்கள். அவர்களுடைய மகன் இன்னும் வன்னியில். பவளம் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"தோத்த பிறகும் சொன்ன சொல்லைக் காப்பாத்தின மனிசி. உங்களுக்கும் உதவி செய்வா. பயப்பிடாமல் போய்க் கேளுங்கோ. வேணுமெண்டால் மாஸ்ரரைக் கேட்டுப் பாருங்கோ, அவர் தன்ர காதால கேட்டவர்."

மகனை வன்னியில் விட்டுவந்த அந்தத் தாய் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்களில் அப்படி ஒரு வெளிச்சம்...

"ஓம்" என்றேன்.