பாப் தமயந்தி பஸ் ஏறிய நாள்

1. கேள்வி முன்னால், பதில் பின்னால்

சேலத்திலிருந்து ஆட்டையாம்பட்டி வழியாகத் திருச்செங்கோடு போகும் தனியார் பஸ். பாட்டு போட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். முன்சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா கண்டக்டரைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, இந்தப் பொம்பள எங்க போன, யாரோட போனன்னு கேட்டுக்கிட்டே இருக்குது. எவனும் பதில் சொல்ல மாட்டேங்கறானே?"

"எங்கூட்டுலயும் அப்படித்தானுங்க" என்றார் பக்கத்தில் நின்றவர். அவருடைய பதிலுக்கு அவர் மனைவி முறைத்தார்.

அதே நேரம் பின்சீட்டிலிருந்து ஒரு காலேஜ் பையன் கத்தினான். "அண்ணா, செட்டு அவுட்டுங்களா? ஒருத்தன் சும்மா சும்மாங்கறான். எதுக்குச் சொல்றான்னே தெரியல!"

நான் டிரைவர் பக்கத்தில் இன்ஜின் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். அந்த வண்டியின் பாட்டு செட்டுக்கு எங்கள் கடைதான் பொறுப்பு. எனக்கு அடுத்து, பாட்டைப் பாடியவரே உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

செட் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் போவதை விட்டவள் நான். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வயரிங்கில் தப்பு இருந்தால் பொறுக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

2. அண்ணன் வேலை

திருச்செங்கோட்டில் பழனி அண்ணன் கடையில் வேலை செய்கிறேன். பஸ், லாரி, போர் போடுகிற ரிக் வண்டி எல்லாவற்றுக்கும் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், பேஸ் பாக்ஸ் கட்டித் தருகிற கடை. இது என் அண்ணன் குமார் பார்த்த வேலை. போன வருசம் பைபாஸில் பைக்கில் போனவன் திரும்பி வரவில்லை. காரியம் முடிந்ததும் பழனி அண்ணன் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"உனக்கு சால்டரிங் நல்லா வரும்னு அவன் சொல்லிக்கிட்டே இருப்பான் சாமி. கடைக்கு வாரியா?"

போனேன். வீட்டில் நான் அழுதால் அம்மாவும் அழுவார். கடையில் பேஸ் பாக்ஸ் டெஸ்ட் பண்ணும்போது எவ்வளவு சத்தமாக அழுதாலும் யாருக்கும் கேட்காது. அது ஒரு வசதி.

என் அண்ணன் கடைசியாக வயரிங் செய்தது இந்த பஸ்ஸுக்குத்தான். அதன் செட் பேனலை மட்டும் நான் கழற்றியதே இல்லை. சர்வீஸ் வந்தால் வேறு யாரையாவது பார்க்கச் சொல்வேன். அல்லது வெளியே துணியால் துடைத்து "ஓகேங்க" என்று அனுப்பிவிடுவேன்.

3. சில்வர் ஷூ

கேசட் காலத்தில் பாப் தமயந்தி என்றால் இந்தப் பக்கம் தெரியாத ஆளில்லை என்பார்கள். சில்வர் ஷூ போட்டு மேடையில் ஆடிக்கொண்டே பாடுவாராம். கல்யாணம், குழந்தை என்று ஆனதும் மைக்கை ஓரமாக வைத்துவிட்டார். இப்போது அறுபது தாண்டிய பிறகு புதுசாக ஒரு டான்ஸ் ஆல்பம் போட்டிருந்தார். ஈரோட்டில் அவருடைய உடன்பிறந்த அக்காளின் மகன் வீட்டு மாடியில் ரெக்கார்டிங்.

ஒரு நாள் ஸ்கூட்டியில் கடை முன்னால் வந்து இறங்கினார். தலைக்கு டை. காலில் அதே சில்வர் ஷூ.

"போன்ல ஏத்தியாச்சு. கேக்கறவன் ஒவ்வொருத்தனும் ஒரு மூலையில காதுல மாட்டிக்கிட்டுக் கேக்கறான். அது பாட்டா? பஸ்ஸுல ஓடோணும் சாமி. அப்பத்தான் பாட்டு."

எங்கள் பக்கம் அது உண்மை. எந்தப் பாட்டு ஓட வேண்டும் என்று முடிவு செய்வது பஸ் டிரைவர்கள். அதிலும் இந்த பஸ்ஸை ஓட்டுகிற பொன்னுசாமி அண்ணன் இன்று போடுகிற பாட்டு நாளைக்கு எல்லா வண்டி பென்டிரைவிலும் இருக்கும். தமயந்தி அக்கா அவரிடம் நேராகப் போய் நின்றார்.

"ஒரு டிரிப்பு போடறேனுங்க அக்கா" என்றார் அவர். "சேலத்துல ஏறுன சனம் திருச்செங்கோடு வரைக்கும் மாத்தச் சொல்லலைன்னா, டெய்லி ஓட்டறேன். மாத்தச் சொல்லிட்டா என்னையக் கோவிச்சுக்கக் கூடாது."

அக்காவின் மகன் செந்தில் பெங்களூருவில் வேலை. இந்த வயதில் அம்மா ஆடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. அக்கா அவரிடம் பந்தயம் கட்டிவிட்டார். "அந்த ஒரு டிரிப்பு ஓடலைன்னா மைக்க மூட்ட கட்டிப்போட்டு, உன்ற கூட வந்து பேரனப் பாத்துக்கறேன். போதுமா?"

செந்தில் லீவு போட்டு வந்தார். முதல் நாளே அம்மாவின் புடவைகளைப் பெட்டியில் அடுக்கி, பூட்டி, சாவியையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்தார்.

4. பேலன்ஸ் குமிழ்

பாட்டு இதுதான். லேட்டாக வீட்டுக்கு வந்த புருசனை மனைவி விசாரிக்கிறாள். "எங்கய்யா போன?" "சும்மா!" "யாரோட போன?" "சும்மா!" "என்னத்தக் குடிச்ச?" "ஏய், சும்மா!" ஹெட்போனில் கேட்டால் இடது காதில் மனைவியாக அக்கா, வலது காதில் புருசன். நடுவில் நம் தலைக்குள் சண்டை நடக்கும். கேசட் காலத்து ஸ்டைல், அப்படித்தான் வேண்டும் என்று அக்கா பிடிவாதமாகச் செய்ய வைத்தது.

செந்தில் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். "அம்மா, இதுல நீ பாடவே இல்லையேம்மா! எவனோ ஒருத்தன் தவில் அடிச்சுக்கிட்டு சும்மாங்கறான்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்கள் பக்கத்து பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் இருக்கிற பெண்கள் சத்தத்தைக் குறைக்கச் சொல்வார்கள். பின்னால் இருக்கிற பையன்கள் கூட்டச் சொல்வார்கள். அதனால் ஃபிட்டர்கள் லெஃப்ட் சேனலை முன் ஸ்பீக்கருக்கும், ரைட் சேனலைப் பின் ஸ்பீக்கருக்கும் கொடுத்துவிடுவோம். டிரைவர் பேலன்ஸ் குமிழைத் திருகினால் போதும், முன்னால் குறையும், பின்னால் கூடும். சினிமாப் பாட்டில் குரல் ரெண்டு பக்கமும் வரும், அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இந்தப் பாட்டில் கேள்வியெல்லாம் லெஃப்ட். பதிலும் தவிலும் ரைட்.

"மாத்துங்க" என்கிற வார்த்தை இன்னும் யாரும் சொல்லவில்லை. ஆனால் கூடைக்கார அம்மா வாயைத் திறக்கிற மாதிரிதான் இருந்தது.

"ஆட்டையாம்பட்டில நிறுத்தறேன்" என்றார் பொன்னுசாமி அண்ணன். "டீ குடிச்சுட்டு வாரதுக்குள்ள சரி பண்ணு சாமி."

5. இருபத்துநாலு வோல்ட்

வேறு ஆள் இல்லை. நானே பேனலைக் கழற்றினேன். உள்ளே என் அண்ணன் சுற்றிய சிவப்பு டேப். வயரை மூன்று மடிப்பாக மடித்துக் கட்டுகிற அவன் பழக்கம். கட்டரைக் கையில் எடுத்தேன். வயரில் வைக்க முடியவில்லை. அழுகை வந்துவிட்டது. இங்கே பேஸ் பாக்ஸும் ஓடவில்லை, எல்லாருக்கும் கேட்டது.

"ஐயோ, புள்ளைக்குக் கரண்ட் அடிச்சிருச்சு!" என்று கூடைக்கார அம்மா எழுந்தார். "கட்டைய எடுங்க, கட்டைய எடுத்துத் தட்டி உடுங்க!"

"யாரும் அடிச்சுக் கிடிச்சு வெக்காதீங்க!" டீ கிளாஸோடு ஓடி வந்தார் பொன்னுசாமி அண்ணன். "பஸ் பேட்டரி இருவத்துநாலு வோல்ட்டுக்கு எவளாச்சும் அழுவாளா? என்ன சாமி ஆச்சு?"

"எங்கண்ணன் கடைசியா கட்டுனதுங்க. என்னால வெட்ட முடியாதுங்க."

தமயந்தி அக்கா பேனலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்னால் மகன் நிற்பதையும் பார்த்தார்.

"மூடு சாமி" என்றார்.

"அப்பப் பாட்டுங்க அக்கா?"

"முன்னாடி என்ற குரலு கேக்குது. பின்னாடிதான கேக்கல? அங்க நேர்லயே போயிட்டாப் போச்சு." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் நடந்தார்.

6. ஆட்டம்

வண்டி கிளம்பியது. பின் ஸ்பீக்கரில் தவில் இறங்கியது. அக்கா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக் இல்லாமல் எடுத்தார்: "எங்கய்யா போன?"

ஸ்பீக்கர் சொன்னது: "சும்மா!"

அடுத்த கேள்வியைக் காலேஜ் பையனைப் பார்த்து விரலை நீட்டிக் கேட்டார். "யாரோட போன?" அவன் வெட்கப்பட்டு, "சும்மா" என்றான். பக்கத்திலிருந்தவன் அவன் முதுகில் ஒன்று போட்டான். அடுத்த முறை பின்பக்கம் மொத்தமும் "சும்மா!" போட்டது. வேகத்தடையில் பஸ் குதித்தபோது அக்கா அதையும் ஸ்டெப்பில் சேர்த்துக்கொண்டார். முன்னால் இருந்த பெண்கள் சீட்டில் முழங்காலிட்டுத் திரும்பி உட்கார்ந்து, ஸ்பீக்கரோடு சேர்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். கண்டக்டர், "டிக்கெட், டிக்கெட்" என்பதையும் அந்தத் தாளத்தில்தான் சொன்னார்.

செந்தில் முதலில், "விழுந்துருவம்மா, விழுந்துருவ" என்று அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா அவர் பக்கம் திரும்பி, "என்னத்தக் குடிச்ச?" என்றார். பஸ்ஸே அவரைப் பார்த்தது.

"ஏய், சும்மா!" என்றார் செந்தில். தன் வாயிலிருந்து வந்ததை அவராலேயே நம்ப முடியவில்லை.

பாட்டு முடிந்ததும் கூடைக்கார அம்மா, "திருப்பிப் போடுங்க" என்றார். அப்புறம் திருச்செங்கோடு வரைக்கும் வேறு பாட்டு போடவில்லை.

7. கட்டர்

ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கினார்கள். செந்தில் பெட்டிச் சாவியை எடுத்து அம்மா கையில் வைத்தார்.

பொன்னுசாமி அண்ணன் தலையைச் சொறிந்தார். "நாளைக்கும் ஓட்டறேனுங்க அக்கா. ஆனா நாளைக்கும் நீங்க வந்து பின்னாடி பாடோணுமே?"

அக்கா வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. தொண்டை சுத்தமாகப் போய்விட்டது. என்னைப் பார்த்தார். வெட்டு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

நானாகவே மறுபடியும் பேனலைக் கழற்றினேன். சிவப்பு டேப்பைப் பிரித்தேன். உள்ளே பார்த்தால் ஈயம் உருக்கி ஒட்டிய சால்டரே இல்லை. வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருக்கிறான்! வீட்டில் உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, முறுக்கி மட்டும் விட்டால் மண்டையில் கொட்டுவான். "பஸ்ஸு குலுங்குனா கழண்டுரும்டி, அறிவிருக்கா?" என்பான். நான் சிரித்துவிட்டேன். அவன் போனதற்குப் பிறகு அவனை நினைத்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. திட்டவும் செய்தேன், வாய்விட்டு. டிரைவரும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெட்டினேன். லெஃப்ட், ரைட் ரெண்டையும் ரெசிஸ்டர் வைத்து ஒன்றாக்கினேன். ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் சால்டர் வைத்தேன். இப்போது முன்னாலும் கேள்வி பதில் ரெண்டும் வருகிறது, பின்னாலும் வருகிறது. மற்ற வண்டிகளுக்கும் கடையில் இதையே செய்து கொடுத்தோம், பாட்டு எல்லா வண்டியிலும் ஓடுகிறது. பேலன்ஸ் குமிழைத் திருகினால் மட்டும் முன்னால் குறைந்து பின்னால் கூடுவதில்லை. பொன்னுசாமி அண்ணன் இன்றைக்கும் அதற்காக என்னைத் திட்டுகிறார்.

புதுசாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். உங்களுக்கு முன்னால் இருந்தவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், உங்கள் உயிராகவே இருந்தாலும், அவர் கட்டிய செட்டைக் கழற்றிப் பாருங்கள். கும்பிடுவதாக இருந்தால் ஆளைக் கும்பிடுங்கள். ஜாயிண்டுக்கு டெஸ்டர் வையுங்கள்.