ஒன்று குறைந்த சிவப்பு

பாலத்துக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் பள்ளம் தோண்டும்போது எரிவாயுக் குழாய் கிழிந்துவிட்டதாம். ரொட்டிக் கடையில் யாரோ பேசிக்கொண்டதாகப் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையாம். ஆனால் தோண்டலாம் என்று காலையில்தான் கைப்பேசியில் உத்தரவு வந்திருந்ததாம்.

அண்ணி தேநீரை அப்படியே மேசையில் வைத்தாள்.

அந்த உத்தரவை அனுப்புவது அவள் எழுதிய புரோகிராம். குழாய் அலுவலகத்துக்காக வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். வரைபடத்தில் எரிவாயுக் குழாய் போகும் வழியெல்லாம் சிவப்புக் கோடு. தோண்டும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தட்டுப்பட்டாலும் மண் தோண்டும் வண்டியை ஓட்டுபவருக்கு 'நிறுத்து' என்று செய்தி போகும். இல்லாவிட்டால் 'தோண்டலாம்'. அந்த வண்டிகளில் ஒன்றை ஓட்டுபவன் என் அண்ணன்.

அண்ணிக்குப் பயம் கூடப்பிறந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வாசல்வரை போய், திரும்பி வந்து பார்ப்பவள். எந்தப் படத்தையும் புள்ளி புள்ளியாகப் பெரிதாக்கிப் பார்க்காமல் விடமாட்டாள். அலுவலகத்தில் அவள் பெயரே பூதக்கண்ணாடி.

"கல்யாணத்துக்கு முன்னாடி என் போட்டோவையும் இப்படித்தான் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்திருக்கா. அதுக்கப்புறமும் எப்படி சம்மதிச்சான்னுதான் தெரியல" என்பான் அண்ணன்.

அவள் மடிக்கணினியைத் திறந்தாள்.

"என்ன ஆச்சு அண்ணி?"

"நேத்து சாயங்காலம் வரைபடக் கோப்பையெல்லாம் சுருக்கினோம். திறக்க நேரமாகுதுன்னு பிரிவுத் தலைவர் ஒரே புலம்பல். 'கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லையேம்மா, போட்டுடு'ன்னார். நானும் பார்த்தேன். இல்லதான்."

நேற்று அவளுக்குத் தலைவலி. நேற்று மட்டும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

இப்போது பெரிதாக்கினாள். தடித்த கோட்டின் நடுவில் ஒரு புள்ளியைத் தொட்டதும் எண்கள் வந்தன: சிவப்பு 254, பச்சை 0, நீலம் 0. வீடுகளுக்குப் பிரியும் மெல்லிய கோடுகள் இன்னும் மோசம். ஓரமெல்லாம் கசிந்து, வெளுத்துக் கிடந்தன.

"இது சிவப்புதானே?" என்றேன்.

"உனக்கும் எனக்கும் சிவப்பு. புரோகிராமுக்கு முழுசா 255 இருந்தாத்தான் சிவப்புன்னு சொல்லி வெச்சிருக்கேன். சுருக்குற மென்பொருள் கண்ணு கண்டுக்காததையெல்லாம் தூக்கிப் போட்டுடும், பக்கத்து நிறத்தோட கலந்து ஏதோ ஒரு எண்ணை எழுதிடும். ஒண்ணு குறைஞ்சா அங்க குழாயே இல்ல."

புரோகிராமை நிறுத்திவிட்டு, வண்டிகளின் மேற்பார்வையாளரைக் கைப்பேசியில் கூப்பிட்டாள். விரல் இரண்டு முறை தவறான இடத்தில் பட்டது.

"மத்த வண்டி எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிட்டேன்மா" என்றார் அவர். "உங்க வீட்டுக்காரர்தான் போனை எடுக்கல. அங்கதான் போயிட்டிருக்கேன், பாலத்துல ஒரே நெரிசல், என் கார் நகரவே மாட்டேங்குது."

"எங்க தோண்டுறார்?"

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி."

சுருக்காத பழைய படத்தைத் திறந்து அந்த இடத்தைத் தேடினாள். பள்ளிச் சுவரை ஒட்டி, தோண்டக் குறித்திருந்த கட்டத்தின் குறுக்கே, தடித்த சிவப்புக் கோடு ஒன்று ஓடியது. 255, 0, 0.

வண்டி உறுமும்போது அண்ணனுக்கு எதுவும் காதில் விழாது. கைப்பேசி சாப்பாட்டுப் பைக்குள் கிடக்கும். தூசி படாமல் இருக்கட்டும் என்று அந்தப் பையைத் தைத்துக் கொடுத்ததும் அண்ணிதான்.

அவன் எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். இன்னொரு கை திரையில் அந்தக் கோட்டை மறைத்துக்கொண்டிருந்தது.

"எடுங்க" என்றாள் மெதுவாக, பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வதுபோல. "எடுங்க."

மணி போய்க்கொண்டே இருந்தது.