புகைத்தாளில் ஏறிய கோடு

கிடர்பூர் துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம் மூட்டை எண்ணிய குமாஸ்தா சுந்தரேசன். அவருடைய நெற்றிக்கு மேலே, வலது பக்கம், தோலுக்கு அடியில் ஒரு வெள்ளித் தகடு இருந்தது. வெயில் காலத்தில் அது சுடும்; ஈரத்துணி கட்டிக்கொண்டு நிற்பார். கூலிகள் "தகடு பாபு" என்று கூப்பிட்டால் கோபிக்காமல் திரும்பிப் பார்ப்பார். அந்தத் தகட்டுக்காக அவர் என்ன செய்தார் என்பது துறைமுகத்தில் யாருக்கும் தெரியாது; அவர் மனைவி காமுவுக்குத் தெரியும்.

1908-ல் அவருக்கு முப்பத்தொரு வயது. தாயாரையும் தம்பியையும் மாயவரத்தில் விட்டுவிட்டுக் காமுவோடு கல்கத்தா வந்தவர். ஒரு நாள் சணல் பொதியைத் தூக்கிய கிரேனின் கொக்கி நழுவி அவர் தலையில் அடித்தது. பிழைத்ததே பெரிது. ஆனால் மண்டையோட்டில் ஒரு ரூபாய் அகலத்துக்கு எலும்பு போய்விட்டது. அந்த இடத்தில் தோல், கைக்குழந்தையின் உச்சிக்குழி போல எந்நேரமும் துடித்துக்கொண்டிருந்தது. கம்பெனி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: ஓட்டையை மூடி, டாக்டர் கையெழுத்தோடு சீட்டுக் கொண்டுவந்தால் வேலை, இல்லாவிட்டால் ஊருக்குப் போகலாம்.

ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டர் துரைக்கோ அந்த ஓட்டை கிடைத்தற்கரிய பொருள். மனிதன் யோசிக்கும்போது மூளைக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறதா என்று அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். "என் சோதனைகள் முடியட்டும். பிறகு தகடு வைத்துக் கையெழுத்தும் போடுகிறேன்" என்றார்.

செவ்வாயும் வெள்ளியும் சுந்தரேசன் போய் நாற்காலியில் உட்காருவார். ஓட்டையின் மேல் ஒரு ரப்பர் மூடியை ஒட்டுவார்கள். அதிலிருந்து போகும் குழாயின் முனையில் மெல்லிய ஊசி. புகை படிந்த தாள் சுற்றிய உருளை சுழலும்போது ஊசி அதில் வெள்ளைக் கோடு இழுக்கும். ரத்தம் பெருகினால் கோடு ஏறும். துரையின் உதவியாளர் திருவேங்கடம் சென்னையில் படித்தவர். தமிழில் கேள்வி கேட்பது அவர் வேலை.

"பதினேழு பத்தொன்பது?"

"முந்நூத்து இருபத்து மூணு."

கோடு அசையவில்லை. முந்திரி, அரைக்காணி என்று பின்ன வாய்பாடு கேட்டார்கள். அதற்கும் அசையவில்லை. துரைக்கு எரிச்சல்.

"இவன் யோசிக்கவே இல்லை சார்" என்றார் திருவேங்கடம். "பிரம்படி பட்டு மனப்பாடம் பண்ணினது. வாய் சொல்றது, தலைக்குச் சம்பந்தமில்லை. மனசை உலுக்கற மாதிரி வேறே ஏதாவது சொல்லணும்னா, தாயார் இருக்கா, ஊர்ல."

அடுத்த வெள்ளிக்கிழமை உருளை சுழன்றுகொண்டிருக்கும்போது திருவேங்கடம் ஒரு தந்திக் காகிதத்தோடு வந்தார். "ஓய், உம்ம பேருக்கு வந்திருக்கு. மனசைத் திடப்படுத்திக்கும். அம்மா தவறிப்போயிட்டாளாம்."

கோடு தாளை விட்டே வெளியேறியது. சுந்தரேசன் எழுந்த வேகத்தில் குழாய் பிய்ந்தது. கட்டின வேஷ்டியோடு தெருத் தண்ணீர்க் குழாயடியில் தலையை நனைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். அன்று மாலையே காளிகாட் படித்துறையில் தலையை மழித்துக்கொண்டு, சாஸ்திரிகள் சொல்லச் சொல்ல எள்ளும் தண்ணீரும் விட்டார்.

மறுநாள் திருவேங்கடம் வாசலில் வந்து நின்றார். "கோவிச்சுக்காதேயும். அது சோதனைக்குச் சொன்னது. நீர் அப்படி ஓடுவீர்னு யார் கண்டா? பொய்ச் சேதி வந்தா ஆயுசு கெட்டின்னு சொல்லுவா. அம்மாவுக்கு நூறு வயசு."

"உசிரோட இருக்கறவளுக்கு எள்ளு விட்டுட்டேனேடா, பாவி!"

"நான் விடச் சொன்னேனா? செவ்வாய்க்கிழமை வந்துடும். மொட்டைத் தலைன்னா மூடி நன்னா ஒட்டும்னு துரைக்குச் சந்தோஷம்."

சுந்தரேசன் செவ்வாய்க்கிழமை போனார். போகாமல் என்ன செய்வது? தாயார் சௌக்கியம் என்று தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

ஐந்து வாரம் கழிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, "இன்றோடு முடிகிறது" என்றார் துரை. தகடு வைத்தபின் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய சீட்டு, கையெழுத்து மட்டும் பாக்கியாக, மேஜைமேல் தயாராக இருந்தது. உருளை சுழன்றது. கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திருவேங்கடம் வெளியே போய், ஒரு தந்தியோடு திரும்பி வந்தார். துரை அதை வாங்கிப் படித்தார். ஊசியைச் சரிபார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"ஓய், அம்மா தவறிப்போயிட்டா. நிஜம்."

சுந்தரேசன் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். "மறுபடியுமா? கோட்டைப் பாரும் ஓய், ஏறித்தா?"

கோடு ஏறவில்லை. துரை வியப்போடு நோட்டில் குறித்துக்கொண்டார். மூடியைக் கழற்றினார்கள். ஜெயித்துவிட்ட நினைப்போடு சுந்தரேசன் வெளியே வந்தார்.

தாழ்வாரத்தில் காமு உட்கார்ந்திருந்தாள். தலை அவிழ்ந்திருந்தது. முழுகின புடவை உடம்போடு ஒட்டிப் பாதி காய்ந்திருந்தது. சாவுச் சேதி கேட்டு முழுகினாலன்றி எந்தப் பெண்ணும் அப்படி வெளியே வரமாட்டாள்.

"எதிராத்து வங்காளி வாத்தியார், அந்த மாஸ்டர்மோஷாய்தான் தந்தியைப் படிச்சுச் சொன்னார்" என்றாள். "உள்ளே விடமாட்டேன்னா. நாங்களே சொல்றோம்னு வாங்கிண்டு போனா. நீங்க சிரிச்ச சத்தம் இங்கே கேட்டுது. அம்மா போயிட்டாங்கறதுக்கா சிரிச்சேள்?"

அவர் திரும்பி அறைக் கதவைப் பார்த்தார். நெற்றிக்கு மேலே தோல் புடைத்து எழும்பியது. கதவருகே நின்ற துரை அதைத்தான் பார்த்தார்.

"நான் உண்மையைத்தான் சொல்லச் சொன்னேன். நீ நம்பவில்லை" என்றார். "பத்து நிமிஷம் வந்து உட்கார். இது இல்லாமல் முடிந்ததாக ஆகாது. பிறகு தகடு, கையெழுத்து எல்லாம்."

"வேண்டாம். ஸ்நானம் பண்ணணும். வாங்கோ" என்று காமு கையை நீட்டினாள்.

சுந்தரேசன் அவள் கையைப் பார்த்தார். திறந்திருந்த கதவு வழியாக மேஜைமேல் இருந்த சீட்டைப் பார்த்தார். உள்ளே போய் உட்கார்ந்தார். பத்து நிமிஷமும் ஊசி தாளின் மேல்விளிம்பில் முட்டிக்கொண்டே இருந்தது. "அற்புதம்" என்று துரை இரண்டு தடவை சொன்னார்.

அன்று மாலை காளிகாட் படித்துறையில் அதே நாவிதன். சுந்தரேசனின் தலையைத் தடவிப் பார்த்தான். விரற்கடை மயிர்கூட முளைத்திருக்கவில்லை.

"இந்தத் தடவை யார், பாபு?" என்று வங்காள மொழியில் கேட்டான்.

"அம்மா."

நாவிதன் கத்தியைத் தீட்டுவதை நிறுத்தினான். "போன மாசமும் அம்மா என்றுதானே சொன்னீர்கள்? உங்களுக்கு எத்தனை அம்மா?" என்று சிரித்தான். படியில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

சுந்தரேசன் தலையைக் குனிந்து கொடுத்தார். துடிக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு, கத்தி சுற்றிச் சுற்றி வந்தது.