அண்ணாந்து பார்க்க

அக்கா அண்ணாந்து பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் நடந்த சண்டையெல்லாம் இதற்காகத்தான். இன்றைக்கும் அவளுக்கு வானம் பார்க்கவேண்டுமென்றால் இடுப்பை வளைத்து உடம்போடு பின்னால் சாயவேண்டும். அப்படியென்றால் அந்தச் சண்டையில் ஜெயித்தது யார் என்று கேட்காதீர்கள்.

ஏற்காட்டுக் குளிருக்கு வெந்நீர் இல்லாமல் முடியாது. எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டில் அடுப்பிலிருந்து அண்டாவை இறக்கும்போது அக்காவுக்குக் கைத்துணி நழுவிவிட்டது. தாடையிலிருந்து நெஞ்சுவரை வெந்துபோனாள். சேலத்து ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்து, புண் ஆறித்தான் வந்தாள். கிளம்பும்போது நர்ஸம்மா, கழுத்துக்கு ஒரு பிளாஸ்டிக் காலரைக் கொடுத்து அம்மாவிடம் சொன்னார்.

"புண் ஆறுனதோட முடியலைங்க. தழும்பு இனிமேதான் சுருங்கும். காலரைக் கழட்டாதீங்க, தலகாணி வெக்காதீங்க. எண்ணெய் போட்டு நீவி, அண்ணாந்து பாக்கச் சொல்லுங்க. அழுதாலும் உட்றாதீங்க."

அம்மா விடவில்லை. காலையில் காப்பிக்காட்டுக்குப் போகுமுன் அக்காவை வாசலுக்கு இழுத்து வந்து, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடியின் நுனியைக் காட்டுவாள். கழுத்துத் தழும்பு தாம்புக் கயிறுபோல விறைத்து நிற்கும். அம்மா ஒரு கையால் நெற்றியைப் பின்னால் தள்ளி, மறுகையால் தோளை அழுத்திப் பிடிப்பாள். அக்காவின் கத்தல் லைன் கடைசி வரைக்கும் கேட்கும்.

"பெத்தவளா இவ? இந்தக் குளுருல புள்ளைக்கு ஒரு தலகாணி குடுக்க மாட்டேங்கறா" என்பாள் பக்கத்து வீட்டு அத்தை, அம்மா காதில் விழும்படியே.

அப்பா வேறு மாதிரி. காப்பிச்செடிக்குக் கவாத்து வெட்டிவிட்டு வருகிறபோதே மருந்துக்கடையில் தழும்பு மறைகிற கிரீம் வாங்கி வருவார். காய்த்துப்போன அந்த விரல்களால் பூவைத் தொடுகிறமாதிரித் தடவுவார்.

"வலிக்குதா சாமி? அப்பன் இருக்கறேன். காத்துப் படட்டும் கண்ணு, இப்படி இறுக்கிக் கட்டுனா எப்படி ஆறும்?"

காலர் மூலைக்குப் போகும். போர்வையை மடித்து அக்கா தலைக்கு அடியில் வைப்பார். தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டால் அவளுக்கு வலியே இருக்காது. முகம் தெளிந்துவிடும்.

"ஏனுங்க, எடுத்துருங்க. நர்ஸம்மா அத்தன தூரம் சொன்னாங்க."

"உனக்கென்ன நெஞ்சுல கல்லா இருக்குது? தூங்கட்டும் உடு."

அம்மா உருவுவாள், அப்பா வைப்பார். நான் அப்பா கட்சி.

கிரீம் வேலை செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. தழும்பின் சிவப்பு குறைந்தது. "பாரு, கலரு வந்துருச்சு" என்று அப்பா கண்ணாடியைப் பிடித்துக் காட்ட, அக்கா வெகுநாள் கழித்துச் சிரித்தாள். தாடை மட்டும் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. கீழுதடு இழுபட்டு, சோறு வாயோரம் வழிய ஆரம்பித்தது.

மறுபடி சேலத்துக்குப் போனோம். தழும்பை அறுத்துவிட்டுத் தொடைத் தோலை எடுத்து ஒட்டவேண்டும் என்றார் டாக்டர். ஒட்டின பிறகும் இதே காலர், இதே நீவல். ஏமாந்தால் திரும்பவும் இழுத்துக்கொள்ளும் என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா அழுதார்.

"இன்னொருக்கா எம்புள்ள மேல கத்தி வெக்க உடமாட்டேன்." கொண்டை ஊசி வளைவு முழுக்க இதையே சொல்லிக்கொண்டு வந்தார். அக்காவும் அவர் தோளில் ஒண்டிக்கொண்டு, "வேண்டாம்ப்பா, எனக்கு நொம்ப பயமா இருக்குது" என்றாள்.

அம்மா சன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அம்மா அக்காவை வாசலுக்கு இழுக்கவில்லை. தலைக்கடியில் இருந்த போர்வையை உருவவும் இல்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, கிரீமை எடுத்து, அப்பாவைப் போலவே விரல் நுனியால் தடவினாள். அக்காவுக்கே நம்பமுடியவில்லை.

"வலிக்கவே இல்லம்மா."

"இனிமே வலிக்காது கண்ணு" என்றாள் அம்மா.

அம்மாவுக்கும் ஒருவழியாக மனசு இளகிவிட்டது என்று எனக்கு அப்படியொரு சந்தோஷம். பக்கத்து வீட்டு அத்தையிடம் அதைச் சொல்ல, செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.