அக்காவின் வலது கால்

என் அக்கா கடலூரில் ஒரு ஜவுளிக்கடையில், புடவைப் பிரிவில் நின்றாள். வேலை பார்த்தாள் என்று எழுதாமல் நின்றாள் என்று எழுதக் காரணம் உண்டு. அந்தக் கடையில் பெண்கள் உட்காரக் கூடாது. ஈ ஓட்டும் மத்தியான நேரத்தில்கூட சுவரில் சாயக் கூடாது. முதலாளி மட்டும் மெத்தை வைத்த நாற்காலியில் கால் ஆட்டிக்கொண்டிருப்பார். அவரை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்காவின் வலது காலில், கட்டைவிரலின் அடி எலும்பு வெளிப்பக்கம் புடைத்திருந்தது. எங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான். நின்று நின்று அக்காவுக்கு அது முற்றிப்போய், கட்டைவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்தப் பக்கத்து விரலில்தான் மெட்டி இருந்தது.

மெட்டி போட்ட மாமா படகு எஞ்சின் மெக்கானிக். 2004இல் சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, தேவனாம்பட்டினத்தில் ஒரு எஞ்சினைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. நான் தேடிப் போன இடங்களில் பார்த்ததையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. உடல் கிடைக்காததால் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டு அழவில்லை, காரியமும் செய்யவில்லை. மாமாவின் அம்மாவை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். "எங்கனா கரை ஒதுங்கியிருப்பான்" என்பார் அவர். "ஆமா அத்த" என்பாள் அக்கா. பூவும் பொட்டுமாகத்தான் கடைக்குப் போய் வந்தாள். சொந்தக்காரர்கள் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு ஓய்ந்துபோனார்கள்.

நான் அப்போது அண்ணாமலை நகரில் வேலையில் இருந்தேன், குவார்ட்டர்ஸில் குடித்தனம். 2011இல், சிதம்பரத்தில் ஒரு எலும்பு டாக்டர் பெரிதாகக் கிழிக்காமல் இந்த ஆபரேஷனைச் செய்கிறார் என்று கேள்விப்பட்டு, அக்காவை வரவழைத்துக் காட்டினேன். டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையாகச் சொன்னார். தோலில் சட்டைப் பொத்தான் துளை அளவுக்குத்தான் திறப்பு. அதன் வழியாகவே எலும்பை அறுத்து, நேராகத் தள்ளி, ஒரு மெல்லிய கம்பியால் நிறுத்திவிடுவார். மறுநாளே குதிகாலை ஊன்றி நடக்கலாம். எலும்பு சேர்ந்ததும் கம்பியை உருவிவிடலாம். அக்கா சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"மெட்டிய மட்டும் கழட்டிட்டு வந்துடுங்கம்மா" என்றார் டாக்டர். "ஆபரேஷனுக்கு அப்புறம் வீக்கம் ஜாஸ்தி இருக்கும். அந்த விரல நெரிச்சிடும்."

"தாலி?"

"அது இருக்கட்டும். கயித்துல கோத்துக்குங்க, துணி சுத்தி ஒட்டிடுவோம்."

அக்கா எழுந்துவிட்டாள். நொண்டிக்கொண்டே அவள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

"இடது கால் நல்லாதான இருக்கு? இதையும் அதுலயே போட்டுக்கோ" என்று கேலி பேசிப் பார்த்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "ஒனக்கு அது வெள்ளி. அவுரு இருக்காருன்னுதான் போட்டுனு இருக்கேன். என் கையால கழட்டிட்டா, இல்லன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்."

கடலூர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்துக்கு அடியில் என்ன இருந்தது என்று அப்போது தெரியவில்லை. என் அக்கா காத்துக்கொண்டிருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சில மாதங்களில் புடைப்பின்மேல் தோல் உரிந்து புண்ணாகிச் சீழ் வைத்தது. "கால் சரியானதும் வாம்மா" என்று முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவள் சம்பளத்தை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. புண் ஆறியதும் அத்தை எனக்குப் போன் செய்தார். "தம்பி, டாக்டராண்ட சொல்லிடு. நான் இட்டுனு வரேன்."

ஆபரேஷன் அன்று காலை, வார்டில் அக்கா கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெட்டி இறுகிப்போயிருந்தது. நர்ஸ் வெட்டியெடுக்கக் கட்டர் கொண்டுவந்தார். "வெட்டாதம்மா" என்று அத்தை தடுத்தார். தரையில் உட்கார்ந்து, அக்காவின் காலை மடியில் வைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, விரலைச் சுற்றி நூலை இறுக்கிச் சுற்றினார். நூலின்மேல் மெட்டி மெல்ல மெல்ல நகர்ந்து வந்தது.

"நான்தான் கழட்டுறேன். நீ கழட்டல" என்றார். "அவன் வந்து கேட்டான்னா என்னக் கேக்கட்டும்."

மெட்டியை முந்தானையில் முடிந்துகொண்டார். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. டாக்டர் சொன்னபடியே மறுநாள் குதிகாலை ஊன்றி நடந்தாள். கம்பி எடுக்கும்வரை என் வீட்டில்தான் இருந்தாள். கட்டுப் பிரித்தபோது கட்டைவிரல் நேராக இருந்தது. துளை போட்ட தழும்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பக்கத்து விரலில் மெட்டி இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

"இனிமே தாராளமா மெட்டி போட்டுக்கலாம்மா" என்றார் டாக்டர்.

அன்று மத்தியானமே அவளைக் கடலூரில் கொண்டுபோய் விட்டேன். நாங்கள் உள்ளே நுழைந்ததும் அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்தார். தரையில் உட்கார்ந்து, காலைக் கொடு என்று கையை நீட்டினார். அக்கா காலை இழுத்துக்கொண்டாள்.

"வலிக்குதாம்மா?"

"வலிக்கல அத்த. வேணாம்."

அத்தை நீட்டிய கையை மடக்கவில்லை. அக்கா அவர் எதிரில் உட்கார்ந்தாள். இடது கால் மெட்டியைத் தானே கழற்றினாள். தாலிக் கயிற்றைத் தலைவழியாக எடுத்தாள். இரண்டையும் அத்தையின் மடியில் வைத்தாள்.

"அவுரு வரமாட்டாரு அத்த."

அத்தை மாரில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். அக்காவும் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் கை ஈரத்தோடு ஓடிவந்தார்கள். அந்த வீட்டில் இருக்கும் இரண்டு பேரும் கண் முன்னால்தானே இருக்கிறார்கள், பிறகு செத்தது யார் என்று அவர்களுக்குப் புரியவில்லை.

"யாரு தம்பி தவறிட்டாங்க?" என்று ஒரு அம்மாள் என்னைக் கேட்டார்.

"எங்க மாமா" என்றேன்.